ஆறாத பானெட்

வேல்சாமி காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சுடுது" என்றார்.

"காருன்னா சுடத்தான செய்யும்" என்றாள் குழல்வாய்மொழி.

"ஓடுன காரு சுடும். ராத்திரி பூரா நின்ன காரு ஏன் சுடணும்?"

குற்றாலத்தில் சீசன் நன்றாக விழுந்திருந்த ஆனி மாதம். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருந்த அந்த வீட்டு முற்றத்தில் காலை ஆறரை மணிக்கே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் இதை இதமான காற்று என்பார்கள். வீட்டுக்காரர் பரமேஸ்வரனோ ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி மப்ளர் சுற்றி, பனிமலைக்குப் புறப்பட்டவர் மாதிரி நின்றார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் கோளாறு, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தன்னுடைய பதினொரு வயது வெள்ளை டீசல் காரை விற்கிறார். அதை வாங்கத்தான் சுரண்டையிலிருந்து முதல் பஸ் ஏறி வேல்சாமி வந்திருந்தார்.

"பத்து நிமிஷம் ஓட விட்டேன், அண்ணாச்சி" என்றார் பரமேஸ்வரன். "சீசன்ல தினமும் விடுவேன். இந்தக் குளிருக்கு ஆயில் எல்லாம் கெட்டியாயி அடியில கிடக்கும். அது ஏறி எல்லா எடத்துக்கும் போன பொறவுதான் வண்டிய எடுக்கணும். மனுசனே எந்திரிச்ச உடனே ஓட மாட்டான். வண்டி மட்டும் ஓடுமா?"

"நான் வாரேன்னு தெரிஞ்சு ஓட விட்டியளா, தெரியாம விட்டியளா?"

"தெரிஞ்சுதான். நீங்க ஓட்டிப் பாப்பியள்லா?"

தெரியாமல் என்று சொல்லியிருந்தால் பொய் என்று நினைத்திருப்பார். தெரிந்துதான் என்று சொன்னதால் திட்டம் என்று நினைத்தார்.

வேல்சாமி சுரண்டை காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கமிஷன் கடை வைத்திருப்பவர். மூட்டையின் மேலே இருக்கிற கத்தரிக்காயை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதைத்தான் எடுத்துப் பார்ப்பார். ஆனால் கார் விஷயத்தில் ஒருமுறை மேலாகப் பார்த்து ஏமாந்திருந்தார்.

மகள் பொன்செல்வியின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கப் போன அன்றைக்கு இன்ஜின் சூடாக இருந்தது, தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது. மகளையும் மருமகனையும் மறுவீட்டுக்கு அழைக்க வாசுதேவநல்லூர் போய் அங்கேயே இரவு தங்கினார்கள். விடிந்ததும் தை மாதப் பனியில் அந்தக் கார் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டது. புதுச் சம்பந்தி உமாசங்கர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் தள்ளினார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் உமாசங்கர் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சம்பந்தி, பஸ்ஸுல வந்தியளா, தள்ளிக்கிட்டே வந்தியளா?" என்பதுதான்.

இப்போது பொன்செல்விக்கு ஏழாவது மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வாசுதேவநல்லூரில் வளைகாப்பு. வளையல் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் வண்டி வாங்க முடியாது, மகளை அழைக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் உமாசங்கர் வீட்டு வாசலில் சொந்தக் கார் போய் நிற்க வேண்டும். முக்கியமாக, அங்கிருந்து அது தானாகக் கிளம்பவும் வேண்டும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

"சூடா இருக்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான், சார்" என்றார் வேல்சாமி. "ஆறிக் கெடக்கும்போது ஸ்டார்ட் ஆவுதா, பொக விடுதா, அதப் பாக்கணும். நாளைக்கு வாரேன். நீங்க தொடக் கூடாது."

"தொடல. ஆனா தொடாம எடுத்தா இன்ஜினுக்கு நல்லதில்ல."

"இன்ஜினுக்கு நல்லதில்ல, சரி. எனக்கு நல்லது."

பரமேஸ்வரன் டீ சொல்ல உள்ளே போனதும் வேல்சாமி மனைவியின் காதருகே குனிந்தார்.

"ஏட்டி, நீ உள்ள போ. அந்தம்மாகிட்டப் பேச்சுக் குடு. ஆம்பள மறைச்சாலும் பொம்பள வாயில வந்துரும். வண்டியில என்ன கோளாறுன்னு கறந்துட்டு வா."

"எனக்கு எதுக்கு இந்த வேல? முன்னப் பின்னத் தெரியாத வீடு."

"போன்னா போ."

குழல்வாய்மொழி முணுமுணுத்துக்கொண்டே போனாள். வேல்சாமி முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டு வேலை செய்கிற பேராச்சி டீ கொண்டு வந்தாள். அதில் ஏன் இவ்வளவு இஞ்சி, எதை மறைக்க என்று யோசித்தபடியே குடித்தார். குளிரில் டீசல் இன்ஜினைச் சூடாக்கிக் கொடுக்கிற ஹீட்டர் பிளக்கைப் பற்றிப் பரமேஸ்வரன் முக்கால் மணி நேரம் பேசினார்.

குழல்வாய்மொழி திரும்பி வந்தபோது தெருப்பக்கத்திலிருந்து வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூடவே பரமேஸ்வரனின் மனைவி ஸ்ரீமதி, துண்டால் முடியைத் தட்டிக்கொண்டு.

"என்னட்டி இது?"

"அந்த அக்கா தினமும் இந்நேரத்துக்கு ஐந்தருவிக்குக் குளிக்கப் போவாவளாம். கூடப் போனாத்தான பேச்சு வரும்?"

வேல்சாமிக்கு இது நியாயமாகவே பட்டது. அவருக்கு அருவி பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை மனைவியோடு வந்தபோது, குளித்துவிட்டு வருவதற்குள் கரையில் வைத்த செருப்பு போய்விட்டது. அன்றிலிருந்து குற்றாலத்தில் குளிக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் குளிக்க வந்தவர்கள் அல்ல என்பது அவர் கணக்கு. சுரண்டையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு சீசனிலும் அவள் கேட்பாள், அவர் செருப்புக் கதையைச் சொல்வார். அத்தோடு சீசன் முடிந்துவிடும்.

பஸ்ஸில் ரகசியமாகக் கேட்டார். "என்ன சொன்னா?"

"நல்ல வண்டின்னு சொன்னாவ."

"எத்தன தடவ சொன்னா?"

குழல்வாய்மொழி கொஞ்சம் யோசித்தாள். "மூணு தடவ."

"பாத்தியா? நல்ல சாமானுக்கு எவனும் மூணு தடவ சொல்ல மாட்டான்."

திங்கட்கிழமை வேல்சாமி கேட்டைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே பானெட்டுக்குப் போனார். கை வைத்தார். நேற்றை விடச் சூடு.

"சார்!"

பரமேஸ்வரன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "நான் தொடல, அண்ணாச்சி. சத்தியமாத் தொடல."

"அப்ப இது என்ன, காய்ச்சலா?"

ஸ்ரீமதி வாசலுக்கு வந்தாள். "நான்தான் எடுத்தேன். தண்ணி லாரி உள்ள வரணும்னு வண்டிய ஓரமா விட்டு, மறுபடி எடுத்து விட்டேன்."

வேல்சாமி சாலையைப் பார்த்தார். மலை முழுக்கத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அருவி இரைகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

"ஐந்தருவிக்குப் பக்கத்துல தண்ணி லாரியா?"

"தண்ணி லாரி எப்ப வந்துச்சு? எனக்குத் தெரியாதே" என்றார் பரமேஸ்வரன்.

"நீங்க பாத்ரூம்ல இருந்திய."

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாக்குமூலம் ஒத்துப்போகவில்லை என்பதை வேல்சாமி குறித்துக்கொண்டார். மனைவிக்குக் கண் ஜாடை காட்டினார். அவள் பையிலிருந்து துண்டையும் சோப்புப் பெட்டியையும் எடுத்தாள்.

"இத எதுக்குட்டி கொண்டாந்த?"

"வெறுங்கையோட கூடப் போனா சந்தேகப்பட மாட்டாவளா?"

தன் கூட இருந்து இவளும் தேறிவிட்டாள் என்று வேல்சாமிக்குப் பெருமையாக இருந்தது. பெண்கள் இரண்டு பேரும் சாரலில் நடந்து போனார்கள். வேல்சாமி பரமேஸ்வரனிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு நானே வந்து நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்குதேன்."

"அண்ணாச்சி, இது என் வண்டி. இன்னும் வாங்கல நீங்க."

"வாங்கத்தான கேக்கேன்?"

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க வேலை பார்த்த பரமேஸ்வரனிடம் யாரும் இப்படிக் கை நீட்டியதில்லை. முகம் சுருங்கிப் போனது. சாவியைக் கொடுத்துவிட்டு மப்ளரை இன்னும் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் குழல்வாய்மொழி சொன்னாள்: "நாளைக்கு நீங்க மட்டும் போங்க. விடியக்காலம் எந்திரிச்சு எந்திரிச்சு எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"நடுவுல விட்டா எப்படி? இப்பத்தான் அந்தம்மா வாயத் தெறக்கா."

"உங்களுக்காகத்தான் வாரேன். அதச் சொல்லிட்டேன்."

சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கினார் வேல்சாமி. செவ்வாய்க்கிழமை காலை அதே கயிற்றோடு வந்து பானெட்டைத் தொட்டார்.

சுட்டது.

இந்த முறை அவர் கத்தவில்லை. பரமேஸ்வரனின் கையைப் பிடித்து இழுத்துப் பானெட்டின் மேல் வைத்தார். பரமேஸ்வரன் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஆமா, சுடுதே!"

மார்க்கெட்டில் முப்பது வருஷத்தில் எத்தனையோ நடிப்பைப் பார்த்திருந்தார் வேல்சாமி. அழுகிற விவசாயி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற வியாபாரி. ஆனால் இவ்வளவு சுத்தமான நடிப்பை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஸ்பேர் சாவி எங்க, சார்?"

"அது தொலைஞ்சு ரெண்டு வருசமாச்சு."

"எங்க தொலைஞ்சுது?"

"அது தெரிஞ்சா எடுத்திருக்க மாட்டோமா?" என்று ஸ்ரீமதி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "குழல், வாறியா? கூட்டம் வந்துரும்."

மனைவியின் பெயரை இவ்வளவு சீக்கிரம் சுருக்கிவிட்டார்களே என்று வேல்சாமி யோசித்தார். பேச்சை வாங்கப் போன இடத்தில் இவள் எதையும் கொடுத்துவிடக் கூடாது. மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார். அவள் முக்கால் மணி நேரத்தில் வருகிறவள் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து, உதடு நீலம் பாரித்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி வந்தாள். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை.

"பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னா" என்றாள் பஸ்ஸில். "இந்த வண்டிய விக்கிறதுல அவளுக்கு இஷ்டமே இல்லையாம்."

வேல்சாமி இருக்கையின் நுனிக்கு வந்தார். "ஏன் இஷ்டமில்ல?"

"சொல்லல. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா."

"நான் சொல்லுதேன். பிள்ளத்தாச்சிப் பொண்ணு ஏறப் போற வண்டின்னு நீ சொல்லிருப்ப. ஓட்ட வண்டிய நம்ம தலையில கட்டுனா பாவம் பிடிச்சிரும்னு பயப்படுதா. பொம்பள மனசு உறுத்துது. அந்த மனுசன் கல்லு."

"அப்ப வேண்டாம்னு சொல்லிருவமா?"

வேண்டாம் என்று சொல்ல வேல்சாமியால் முடியவில்லை. மூன்று நாளாக நான்கு பேரைப் போனில் விசாரித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கைக்குக் கிடைக்கிற மாதிரி வேறு வண்டி இல்லை. தவிர, அந்தக் காரின் இருக்கை, கதவு அடைகிற சத்தம், ஒரு கீறல்கூட இல்லாத பக்கங்கள் எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தன. பிடித்திருந்ததுதான் பயமாக இருந்தது. போன கார்கூட அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

புதன்கிழமை தென்காசியிலிருந்து மெக்கானிக் மன்சூரை வரச் சொன்னார். மன்சூர் பைக்கில் நனைந்துகொண்டே வந்தார். பானெட் சூடாகத்தான் இருந்தது. யாருக்கும் இப்போது அது ஆச்சரியமாக இல்லை. மன்சூர் முதலில் ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்ணிக் காது கொடுத்துக் கேட்டார், சைலன்சருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார், பிறகு மூடியைத் திறந்து ஆயிலைத் தொட்டு முகர்ந்தார்.

"தங்கமான வண்டி, அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

"கண்ண மூடிக்கிட்டுத்தான் போன தடவ எடுத்தேன். பாய், சாரை உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ரெண்டு தடவ சர்வீஸுக்கு விட்டிருக்காரு."

"அப்படிச் சொல்லுங்க."

"என்னத்த அப்படிச் சொல்ல?"

"ஒண்ணுமில்ல. தங்கம்னு சொன்னியள்லா, உங்களுக்கு அதுல எத்தன கிராம்னு யோசிச்சேன்."

மன்சூர் கையைத் துடைத்த துணியைப் பைக்கில் எறிந்தார். "யோவ் அண்ணாச்சி, உமக்கு என்ன, இன்ஜின் ஆறணும். அவ்வளவுதான? பேட்டரியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போரும். எவன் ஸ்டார்ட் பண்ணுதான்னு பாத்துருவோம்."

அவர் கோபத்தில் சொன்னது அது. வேல்சாமிக்கு நாலு நாளில் கிடைத்த ஒரே நல்ல யோசனையாகப் பட்டது.

பேட்டரியைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது பெண்கள் திரும்பி வந்தார்கள். ஐந்தருவியில் வெள்ளமாம், குளிக்கத் தடையாம். குழல்வாய்மொழியின் தலை காய்ந்திருந்தது, முகம் அதை விடக் காய்ந்திருந்தது.

"ஒண்ணும் பேசலையா?" என்றார் வேல்சாமி.

"என்னத்தப் பேச? போலீஸ்காரன் கயித்தக் கட்டிட்டான்" என்று வெடுக்கென்று சொன்னாள். பிறகு சாக்கைப் பார்த்தாள். "இது என்னது?"

"பேட்டரி. நம்ம வீட்டுக்குக் கொண்டு போறோம். இது இல்லாம இன்ஜின் எப்படிச் சூடாவுதுன்னு நாளைக்குப் பாத்துருவோம்."

குழல்வாய்மொழி சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு நிமிஷம். துண்ட மறந்துட்டேன்" என்று உள்ளே போய், பத்து நிமிஷம் கழித்து வந்தாள்.

சுரண்டை பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் வந்து சாக்கைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு லக்கேஜ் போடணும், அண்ணாச்சி."

"மடியிலதான வச்சிருக்கேன்?"

"பிள்ளையா இருந்தா விட்டுருவேன். என்னது இது?"

"கார் பேட்டரி."

"யாரு காரு?"

"இன்னொருத்தர் காரு."

கண்டக்டர் பணத்தை வாங்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து இருக்கைப் பெண் தன் கைப்பையை மறுபக்கத்துத் தோளுக்கு மாற்றினாள். பின்னாலிருந்த ஒருவர், "காலம் கெட்டுப் போச்சு. முன்ன எல்லாம் பெட்ரோலத்தான் உருவுவானுவ" என்று பொதுவாகச் சொன்னார். ஒருவரைச் சந்தேகப்படும்போது அவர் முகம் எப்படி ஆகிறது என்பதை வேல்சாமி வாழ்க்கையில் முதல் முறையாக உள்ளே இருந்து தெரிந்துகொண்டார். குழல்வாய்மொழி தனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாதவள் மாதிரி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை. வெள்ளம் வடிந்திருந்தது. சாரல் மட்டும் விடவில்லை. வேல்சாமி பேட்டரியைச் சுமந்துகொண்டு கேட்டுக்குள் நுழைந்தார். பேராச்சி காலிக் குடத்தோடு வீட்டின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். முற்றத்தில் கார் நனைந்து நின்றது.

அதன் பானெட்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

வேல்சாமி பேட்டரியை மெதுவாகத் தரையில் வைத்தார். கிட்டே போனார். விரல் நுனியால் தொட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஐந்து நாளில் இதுதான் அதிகச் சூடு.

"சார்" என்றார். "சார்! இங்கன வாங்க. பேட்டரி என் மடியில, இன்ஜின் இங்கன. எப்படி சார் ஓடுச்சு?"

பரமேஸ்வரன் வந்து பார்த்தார். ஆவியைப் பார்த்தார், தரையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே புரியல, அண்ணாச்சி" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது.

"எனக்குப் புரியுது. வேற பேட்டரி வச்சிருக்கிய. மன்சூர் பாய் குடுத்திருப்பாரு."

"நான் எதுக்கு இன்னொரு பேட்டரி வாங்கி விடிய விடிய வண்டிய ஓட்டணும்? அந்த டீசலுக்கு நீங்க காசு குடுப்பியளா?"

பெண்கள் இதற்கெல்லாம் நிற்கவில்லை. சோப்புப் பெட்டியோடு அப்போதே கேட்டைத் தாண்டிவிட்டார்கள்.

பரமேஸ்வரன் பானெட்டைத் தூக்கி, பேட்டரியை மாட்ட ஆரம்பித்தார். வேல்சாமி உள்ளே கை வைக்கவில்லை. மேல் தகடே இந்தச் சூடு என்றால் உள்ளே வெந்துவிடும். அவர் கண்ணெல்லாம் பரமேஸ்வரனின் விரல்களிலேயே இருந்தது, ஏதாவது கைவேலை காட்டுகிறாரா என்று. பரமேஸ்வரன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "ஏறுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

வேல்சாமி அரைஞாண் கயிற்றை அவிழ்த்துச் சாவியைப் போட்டார். ஹீட்டர் லைட் எரிந்து அணைந்தது. திருப்பினார். ஒரே திருப்பு. இருமல் இல்லை, புகை இல்லை. வேலைக்குப் புறப்படுகிறவன் மாதிரி இன்ஜின் நிதானமாக ஓடத் தொடங்கியது.

ஐந்து விநாடிக்கு வேல்சாமியின் முகம் இளகிப் போனது. உமாசங்கர் வீட்டு வாசல், பின் சீட்டில் கை நிறைய வளையலோடு பொன்செல்வி, தெருவில் நிற்கிற கூட்டம், வேட்டியை மடித்துக் கட்டத் தயாராக நிற்கிற சம்பந்தியின் முன்னால் இந்த ஒரே திருப்பு. ஸ்டியரிங்கை லேசாகத் தடவினார். பிறகு கண்ணாடி வழியாக, பானெட்டின் மேல் மிச்சமிருந்த ஆவி கண்ணில் பட்டது.

"சூடா இருந்தா எதுவும்தான் ஸ்டார்ட் ஆவும்" என்று சொல்லி இறங்கினார்.

பரமேஸ்வரன் மப்ளரைக் கழற்றினார். ஐந்து நாளில் அவர் காது இப்போதுதான் வெளியே தெரிந்தது.

"போதும் அண்ணாச்சி. சாவியக் குடுங்க. என் வாழ்க்கையில ஒருத்தன் என்னத் திருடன்னு சொன்னதில்ல. அஞ்சு நாளா என் வீட்டு முத்தத்துல நின்னு சொல்லுதிய. செங்கோட்டையில ஒருத்தர் ரெண்டு வாரமாக் கேக்காரு. பானெட்டத் தொடாமலே காசு தாரேங்காரு. அவருக்குக் குடுக்கப் போறேன்."

வேல்சாமி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இந்தச் சாவி போனால் நாளைக்குப் பஸ்தான். வளையல் போட்ட மகளை வாசுதேவநல்லூர் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி வைக்க வேண்டும். "பஸ்ஸுல வந்தியளா" என்கிற கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்ல வேண்டும். வாங்கினாலோ, நடுவழியில் நின்றால் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியோடு நிற்கும்.

"சார், கோவப்படாதிய. என் நெலமையில இருந்து பாருங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள். அஞ்சரைக்கு வாரேன். அப்பமும் சூடா இருந்தா பேசாமப் போயிருதேன். ஆறிக் கெடந்து ஸ்டார்ட் ஆச்சுன்னா அப்படியே மகள் வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன்."

"முடியாது."

அந்த நேரத்தில் பெண்கள் வந்தார்கள். தலை நனைந்து, கன்னமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே வந்த குழல்வாய்மொழி ஆண்களின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு பரமேஸ்வரனைக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, இவிய சொல்லுததப் பெருசா எடுக்காதிய. வீட்டுல உப்புப் பாக்கெட்டையும் தராசுல வச்சுத்தான் வாங்குவாவ. நாளைக்கு ஒரு நாள் மட்டும்."

"குடுங்களேன்" என்றாள் ஸ்ரீமதி. "ஒரு நாள்ல என்ன வந்துரப் போவுது?"

பரமேஸ்வரன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எட்டு மணிக்குச் செங்கோட்டைக்காரர வரச் சொல்லுவேன்" என்றார். "அதுக்குள்ள முடியணும். பேட்டரியும் சாவியும் இங்கனதான் இருக்கும்."

"இருக்கட்டும், சார்" என்றார் வேல்சாமி.

பஸ் ஸ்டாப்பை நோக்கி இரண்டு பேரும் நடந்தார்கள். வேல்சாமி நாலு எட்டு முன்னால் போனார். ராத்திரி முழுக்கக் காருக்குப் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்கலாமா, கேட்டுக்கு எதிரே இருக்கிற பழக்கடைக்காரனை நம்பலாமா, அவனும் பரமேஸ்வரனின் ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தார். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. தன்னை இரண்டாவது முறை ஒருவன் ஏமாற்றிவிட முடியாது என்று மனைவியிடம் திரும்பிச் சொன்னார். அவள் கூந்தலைப் பிழிந்தபடி, "அதான, உங்கள யாரு ஏமாத்த முடியும்?" என்றாள்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து பேராச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். எட்ட நின்றே, அருவி இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று தொண்டையைத் திறந்து கூப்பிட்டாள்.

"யக்கா! நாளைக்கும் காரு மேல ரெண்டு கொடம் வெந்நி ஊத்தி வைக்கணுமா, இல்ல குளிச்சது போதுமா?"